மலையகத்துப் பற்களும் ஒரு நீல ஒளியும்

தெமோதரையைப் பற்றி எழுதும் எவரும் அதன் ரயில் பாதையில்தான் தொடங்குவர். எல்லவிலிருந்து வரும் வண்டி நிலையத்தைக் கடந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழிறங்கி, அதே நிலையத்தின் அடியில் குடைந்த சுரங்கத்தினூடாக வெளிவந்து பதுளை நோக்கிப் போகும். 1924இல் பதுளைவரை பாதை முற்றுப்பெற்ற நாளிலிருந்து அந்த அதிசயத்தைப் பார்க்க வருவோர் குறையவில்லை. நான் எழுதப் புகுவதோ அந்தப் பாதையைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் உழைத்தவர்களின் பற்களைப் பற்றி. பல்லுக்கும் ஒரு வரலாறா என்று வாசகர் வியக்கலாம். உண்டு. அது உலகப் பல்மருத்துவப் பாடநூல்களில் ஏறிய வரலாறு. நம்மவர்களில் அதை அறிந்தோர் சிலரே.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி சிறியது. சென்ற ஆண்டு கனடாவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, அவ்வீட்டு எட்டு வயதுச் சிறுமியைப் பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார்கள். நானும் உடன் போனேன். வைத்தியர் ஊசியையோ கொக்கியையோ எடுக்கவில்லை. அறையின் விளக்கை மங்கச் செய்து, ஊதா கலந்த நீல ஒளியைப் பல்லின்மீது பாய்ச்சினார். திரையில் அவளது பற்கள் இளம்பச்சையாக ஒளிர்ந்தன. ஒரு கடைவாய்ப் பல்லில் மட்டும் மிளகளவு இருட்டு. வெறுங்கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. “சூத்தை தொடங்கப் பார்க்கிறது. துளையிட வேண்டாம். மருந்து பூசி, இனிப்பைக் குறைத்தால் ஆறிவிடும்” என்றார்.

சூத்தைப் பல் ஆறும் என்ற சொல்லை என் வாழ்நாளில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். உடனே நினைவுக்கு வந்தவர் என் அப்பாயி. தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். நான் அறிந்த நாள்முதல் அவருக்கு வாயில் பல் இல்லை. கேட்டால், “பிள்ளைக்கொரு பல்லைக் குடுத்திட்டேன்டா” என்று சிரிப்பார். பல் ஆடத் தொடங்கினால் அடுப்புக்கரியால் தேய்ப்பதும், கிராம்பை அடக்கிக்கொள்வதும், பொறுக்க முடியாதபோது தோட்டத்து மருந்துச்சாலைக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவதும் அன்றைய வைத்தியம். பதுளைக்குப் போவதென்றால் ஒரு நாள் பேர் போய்விடும். அந்த நாளின் சம்பளமும் போய்விடும்.

அந்த நீல ஒளியின் கதையிலிருந்தே தொடங்குகிறேன். அதன் தொடக்கமும் நம் மலைகளோடு தொடர்புடையது.

1845இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜோன் ஹெர்ஷல் விந்தையொன்றைப் பதிவுசெய்தார். கொயினா மருந்து கலந்த தெளிந்த நீர் வெயிலில் வைக்கப்படும்போது, ஒளி படும் மேற்பரப்பில் நீல நிறமாக மின்னியது. 1852இல் ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் அதற்கு விளக்கம் கண்டார். கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரைச் சில பொருள்கள் வாங்கிக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படும் ஒளியாகத் திருப்பித் தருகின்றன என்பது அவர் முடிவு. அதே இயல்பைக் காட்டிய புளோர்ஸ்பார் என்ற கல்லின் பெயரைக்கொண்டு அதற்குப் புளோரசன்ஸ் என்று பெயரிட்டார். தமிழில் நாம் ஒளிர்வு என்று கூறிக்கொள்வோம். பல்லைக் காக்கும் புளோரைட்டின் பெயரும் அதே கல்லிலிருந்து வந்ததுதான். பற்சிதைவைக் காட்டிக்கொடுக்கும் ஒளியும் அதைத் தடுக்கும் மருந்தும் ஒரே கல்லின் பெயரைச் சுமப்பது தற்செயலே ஆயினும் நினைவில் நிற்கத்தக்கது.

ஹெர்ஷலின் குவளையில் மின்னிய அந்தக் கொயினா, சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. அம்மரத்தை இலங்கையில் வளர்க்கவே 1861இல் ஹக்கலைத் தோட்டம் அமைக்கப்பட்டது. 1869இல் இலைத்துரு நோய் கோப்பிப் பயிரைத் தாக்கி, அடுத்து வந்த ஆண்டுகளில் அதை அழித்தபோது, நொடித்த துரைமார் பலர் சிங்கோனாவைப் பற்றிக்கொண்டனர். 1880களின் நடுவில் ஆண்டொன்றுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கும் மேற்பட்ட பட்டை இங்கிருந்து ஏற்றுமதியாயிற்று. சந்தையில் பட்டை குவிந்தது, விலை சரிந்தது, சிங்கோனாவும் கைவிடப்பட்டது. அதன்பின் மலைகளை மூடியது தேயிலை. கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்துபோன தமிழ்நாட்டுத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக லயன்களில் நிலைகொண்டது தேயிலைக் காலத்தில்தான்.

பல் ஒளிர்வதை ஜெர்மானியரான ஸ்டூபெல் 1911இல் எழுதிவைத்தார். 1928இல் பெனடிக்ட் என்ற அமெரிக்கர், நலமான பல்லும் சிதைந்த பல்லும் புறஊதா ஒளியில் வேறுபட்டுத் தோன்றுவதைச் சுட்டி, நோயறிவதற்கு இது பயன்படலாம் என்றார். அதே 1928ஆம் ஆண்டு பெப்ரவரியில்தான் கல்கத்தாவில் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் திரவங்களில் சிதறும் ஒளியைச் சோதித்துக்கொண்டிருந்தனர். இராமனின் கூடத்தில் அந்த மங்கலான புதிய ஒளியை முதலில் ஒருவகை வலுக்குன்றிய ஒளிர்வு என்றே எண்ணினர். அது ஒளிர்வு அன்று, முற்றிலும் வேறான ஒளிச்சிதறல் என்று தெளிந்ததே இராமன் விளைவு. இன்று பல்லின் கனிமச் செறிவை அளக்க விழையும் ஆய்வுகூடங்களில் இராமனின் முறையும் ஒளிர்வு முறையும் அருகருகே பயன்படுகின்றன.

ஆயினும் பெனடிக்டின் யோசனை கருவியாக உருப்பெற அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1980களின் தொடக்கத்தில் சுவீடனில் பியெல்க்ஹாகனும் சுண்ட்ஸ்ட்ரோமும் லேசர் ஒளியைக்கொண்டு தொடக்கநிலைச் சிதைவைப் படம்பிடித்தனர். 1995இல் நெதர்லாந்தின் டி யோசலின் டி யொங் முதலானோர், வாயினுள்ளே எடுத்த படத்திலிருந்து ஒளிர்வு எவ்வளவு குறைந்துள்ளது என்பதைக் கணினியால் அளக்கும் முறையை வெளியிட்டனர். 1998இல் சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சி 0 முதல் 99 வரை எண்ணாகக் காட்டும் சிறு கருவி சந்தைக்கு வந்தது. பின்னர் லேசருக்குப் பதில் 405 நானோமீற்றர் அலைநீளமுடைய நீல ஊதா விளக்குகள் பொருத்திய கமராக்கள் பரவின. அந்தச் சிறுமியின் வாயில் நான் கண்டது அவ்வகையில் ஒன்று.

இது செயற்படும் விதம் எளிது. பல்லின் மேலுறையான எனாமல், எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். நம் பாடநூல்கள் இதனை மிளிரி என்று அழைக்கும். இது ஒளியை உள்ளே விடும். உள்ளிருக்கும் டென்டீன் என்ற பகுதி நீல ஒளியை ஏற்றுப் பச்சையாகத் திருப்பி அனுப்பும். நாம் இனிப்புத் தின்றால் வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அமிலம் மிளிரியின் மேற்படலத்தை விட்டுவிட்டு, அதன் அடியிலுள்ள கனிமத்தைக் கரைக்கிறது. மேலே கூரை இருக்க உள்ளே கறையான் அரித்த கதைதான். அரித்த இடம் நுண்துளைகள் நிறைந்து ஒளியைச் சிதறடிப்பதால் உள்ளே போகும் ஒளியும் குறைகிறது, வெளியே வரும் ஒளியும் குறைகிறது. எனவே அவ்விடம் இருண்டு தெரிகிறது. முதிர்ந்த அழுக்குப் படலத்தில் கிருமிகள் விளைவிக்கும் போர்பிரின் என்ற பொருளோ சிவப்பாக ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொள்ளும்.

வெறுங்கண்ணுக்கு இந்நிலை பல்லைக் காயவைத்துப் பார்த்தால் சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளியாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். கூரிய கொக்கியால் குத்திப் பார்த்தால் மேற்படலம் உடைந்து, ஆறக்கூடிய புண் ஆறாத குழியாகிவிடக்கூடும். மேற்படலம் உடையாதவரை உமிழ்நீரிலுள்ள கல்சியமும் பொசுபேற்றும் புளோரைட்டின் துணையோடு உள்ளே திரும்பிப் படிய இடமுண்டு. பிடுங்குவதா அடைப்பதா என்ற இரண்டே வழிகளை அறிந்திருந்த நமக்கு, திரும்பி வளர விடுவது என்ற மூன்றாம் வழியைத் திறந்துவிட்டது இந்தக் கண்டுபிடிப்பு. குறையும் உண்டு. பல்லில் படிந்த கறையும் பழைய அடைப்பும் பிறவிக் குறைகளும் கருவியை ஏமாற்றிவிடும். வெற்றிலைக் காவி படிந்த வாயில் இக்கருவியின் சொல்லை மட்டும் நம்ப முடியாது. வைத்தியரின் கண்ணும் வேண்டும்.

இனி நம் மலைகளுக்கு வருவோம்.

1970ஆம் ஆண்டு. ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல்மருத்துவப் பேராசிரியரின் குழு இலங்கை வந்தது. லோ அப்போதே புகழ்பெற்றவர். 1965இல் டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லி, மூன்று வாரங்களுக்குள் அனைவரின் முரசும் வீங்குவதையும், மீண்டும் துலக்கத் தொடங்கியதும் வீக்கம் வடிவதையும் காட்டியவர். அடுத்து அவர் விடை தேடிய வினா, வாழ்நாள் முழுதும் பல்லுக்கு எந்தப் பராமரிப்பும் கிடைக்காத மனிதருக்கு என்ன நிகழும் என்பது. ஒப்புநோக்க இரு ஊர்கள் வேண்டும். ஒன்று, நாற்பது ஆண்டுகளாகச் சீரான பல்மருத்துவம் பெற்றுவந்த ஒஸ்லோ நகரம். அங்கே 1969இல் 565 மாணவரும் கல்வியாளரும் தெரிவாயினர். மற்றொன்று, பூண்டுலோயாப் பகுதியின் டன்சினன், ஹரோ ஆகிய தேயிலைத் தோட்டங்கள். அங்கே 14 முதல் 31 வயதுவரையான 480 ஆண் தொழிலாளர்.

1970, 1971, 1973, 1977, 1982, 1985 என ஆறு முறை அவர்களின் வாய்கள் பரிசோதிக்கப்பட்டன. 1986இல் லோ, ஆனெருட், பொய்சென், மொரிசன் ஆகியோர் வெளியிட்ட முடிவுகள் இன்றும் முரசு நோய் பற்றிய பாடங்களில் இடம்பெறுகின்றன. துலக்கும் வழக்கமில்லாததால் எல்லோர் பற்களிலும் அழுக்கும் காரையும் படிந்திருந்தன. எல்லோர் முரசும் வீங்கியிருந்தது. ஆனால் எல்லோரும் ஒரே விதமாகப் பல்லை இழக்கவில்லை. ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து பரவியது. அவர்கள் 35 வயதில் 12 பற்களையும், 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்தனர். 81 விழுக்காட்டினர் நடுத்தர வேகத்தில் நலிந்து, 45 வயதில் சராசரியாக 7 பற்களை இழந்தனர். எஞ்சிய 11 விழுக்காட்டினர், துலக்காமலே பற்களைக் காத்துக்கொண்டனர். முரசு வீங்கினாலே பல் விழும் என்ற அதுவரையான நம்பிக்கை இதனால் தளர்ந்தது. நோய்க்கு ஆளாகும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற கருத்து வலுப்பெற்றது. என் அப்பாயி சொன்ன “பிள்ளைக்கொரு பல்” கணக்கு இல்லாமலேயே, ஆண்களின் வாயும் நாற்பத்தைந்து வயதுக்குள் வெறுமையாகக் கூடும் என்பதும் தெரிந்தது.

இன்னொரு முடிவுதான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. அத்தொழிலாளரிடையே சூத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்பது அது. இழந்த பற்கள் யாவும் முரசு நோயால் இழந்தவை. அவர்கள் நாளெல்லாம் குடித்தது சாயத் தண்ணீர். தேயிலைச் செடியோ மண்ணிலிருந்து புளோரைட்டை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. சீனியோ அக்காலத்தில் கூப்பனுக்குக் கிடைத்த பொருள். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து, தொட்டு நக்கிக்கொண்டு தேநீர் பருகிய தலைமுறை அது. வறுமைக்குப் பல்லைக் காக்கும் குணம் உண்டு என்று நான் சொல்லப்போவதில்லை. சீனியைத் தடுத்த அதே வறுமைதான் தூரிகையையும் வைத்தியரையும் தடுத்தது.

அந்த 480 பேரில் 1970இலும் 1985இலும் பரிசோதிக்கப்பட்டவர் 161 பேர். கட்டுரையில் இது ஓர் எண். ஆனால் அந்தப் பதினைந்து ஆண்டுகள் மலையகத் தமிழருக்கு எத்தகையவை? 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களை 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று. 1970களில் அந்தப் பங்கீடு நடைமுறையாகிக்கொண்டிருந்தது. தலைமன்னாருக்குப் போன வண்டியை மக்கள் அழுகைக் கோச்சி என்றனர். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973-74இல் பஞ்சம் லயன்களில் உயிர்களைக் குடித்தது. 1977இலும் 1983இலும் வன்செயல் வந்தது. ஆய்வேட்டில் ‘விடுபட்டவர்’ என்று ஒருவர் பெயர் அடிக்கப்படும்போது, அவர் இராமேசுவரத்தில் இறங்கினாரா, வவுனியாவுக்கு ஓடினாரா, புதைகுழிக்குப் போனாரா என்று கேட்க அந்த ஏட்டில் கட்டமில்லை.

2010இல் சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்து ராம்சையர் முதலானோர் மீண்டும் தேடி, பழைய 480 பேரில் 75 பேரைக் கண்டு பரிசோதித்தனர். 2017இல் முடிவை வெளியிட்டனர். நாற்பது ஆண்டுகளில் அவர்கள் இழந்த பற்கள் சராசரியாக 13. ஒருவர் ஒரு பல்லும் இழக்காமல் இருக்கலாம். ஒருவர் 28 பற்களையும் இழந்திருக்கலாம். இரு எல்லைகளும் அங்கே இருந்தன. முப்பதாவது வயதில் பல்லின் பிடிப்பு சராசரியாக 1.81 மில்லிமீற்றருக்குக் குறைவாகத் தளர்ந்திருந்தால், அறுபதாவது வயதில் அவருக்குக் குறைந்தது 20 பற்கள் எஞ்சியிருக்க வாய்ப்பு மிகுதி என்றும் அவர்கள் கண்டனர். அதாவது, அறுபது வயதில் வரப்போகும் இழப்பை முப்பது வயதிலேயே அளந்து சொல்லிவிடலாம். நீல ஒளி பல்லுக்குச் செய்வதை இந்த ஆய்வு முரசுக்குச் செய்தது. வேறுபாடு ஒன்றுதான். கனடாவில் அந்த இருட்டுப் புள்ளியைக் கண்டவர் உடனே மருந்து பூசினார்.

லோவின் குழுவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. பல்மருத்துவம் எட்டாத மக்கள் கூட்டத்தை அவர்கள் படைக்கவில்லை. இருந்ததைத் தேடி வந்தனர். அதைப் படைத்தது நூற்றாண்டுக்கு மேற்பட்ட தோட்ட நிர்வாகமும், அந்த மக்களைத் தன் குடிகளாக எண்ணாத அரசும். 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமையில் பாடசாலைப் பல்மருத்துவத் தாதியர் பயிற்சி தொடங்கிற்று. நல்ல திட்டம். ஆனால் அது அரசப் பாடசாலைகளுக்கு உரியது. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வரத் தொடங்கியதே 1970களில்தான். நாட்டின் இலவச மருத்துவம் உலகம் போற்றும் பெருமையாக விளங்கிய காலத்திலும் தோட்டத்துச் சுகாதாரம் நிர்வாகத்தின் தயவில் இருந்தது. ஒஸ்லோவுக்கு எதிர்த்தட்டில் வைக்க உலகமெங்கும் தேடிய ஓர் ஆய்வாளருக்கு நம் லயன்கள் கிடைத்தன என்பது ஆய்வாளருக்குப் பெருமை. நமக்கு அது ஒரு சான்றிதழ், எவரும் விரும்பாத சான்றிதழ்.

கொழுந்தெடுப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அந்த 480 பேரிலோ பெண் ஒருவரும் இல்லை. என் அப்பாயியின் வாய் எந்த எண்ணிக்கையிலும் சேரவில்லை.

இன்றைய நிலை வேறு. அன்று சீனி எட்டாத லயனுக்கு இன்று பிஸ்கட்டும் பானப் போத்தலும் தோட்டத்துக் கடைவரை வந்துவிட்டன. 2015-16இல் நடந்த தேசிய வாய்ச் சுகாதார ஆய்வு, நாட்டின் ஐந்து வயதுக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரின் பால் பற்களில் சூத்தை இருப்பதைக் காட்டியது. பாட்டன்மார் அறியாத நோய் பேரர்களுக்கு வந்துவிட்டது. பாட்டன்மாரைப் பல்லிழக்கச் செய்த முரசு நோயும் போய்விடவில்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலையால் வரும் வாய்ப்புற்றோ இரண்டினும் கொடியது. பாக்கு தனித்தே புற்றை விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் 2004இல் வெளியிட்ட ஏட்டில் உறுதிசெய்தது. வாயின் உட்தோலில் மாறுதலைக் காணவும் இதே நீல ஒளியைப் பயன்படுத்துகின்றனர். நலமான தோல் பச்சையாகவும் ஐயத்துக்குரிய இடம் இருளாகவும் தெரியும். எனினும் அந்த இருட்டு ஓர் எச்சரிக்கையே. தசைத்துணுக்கை எடுத்துச் சோதித்த பின்னரே முடிவு கூற இயலும்.

ஊவா மாகாணத்தில் காணும் சிக்கல் ஒன்றையும் சொல்லவேண்டும். தெமோதரையிலும் எல்லவிலும் மலை நீரில் புளோரைட்டு குறைவு. எல்லவிலிருந்து மலையிறங்கி மொனறாகலை மாவட்டத்துக்குப் போனால், வறண்ட வலயத்துக் கிணற்று நீரில் அது பல இடங்களில் மிகை. மேலே குறைந்ததால் பல் காப்பின்றி நிற்கிறது. கீழே மிகுந்ததால் பிள்ளைகளின் பற்களில் வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுகள் படிகின்றன. ஒரே மாகாணத்தில் இரண்டுக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. அந்தத் திட்டுகளும் நீல ஒளியின்கீழ் இருண்டே தெரியும். சூத்தையின் தொடக்கமா, தண்ணீரின் தழும்பா என்று பிரித்தறிய, அந்த ஊரையும் அதன் கிணற்றையும் அறிந்த வைத்தியர் வேண்டும். கருவி மட்டும் வந்து சேர்ந்தால் போதாது என்று நான் சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கருவி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பிள்ளைக் காம்பிராவில் குழந்தையின் மேலுதட்டை உயர்த்தி, முன்பற்களின் முரசோரத்தில் சுண்ணாம்பு வெள்ளைக் கோடு உண்டா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க, ஐந்து நிமிடப் பயிற்சி போதும். உண்டானால் இரவில் இனிப்புப் பாலை நிறுத்தி, புளோரைட்டுப் பற்பசையால் துலக்கி, பல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

விடைபெறும் நாளில் அந்தச் சிறுமி என் வாயைத் திறக்கச் சொல்லித் தன் விளையாட்டு டோர்ச்சை அடித்துப் பார்த்தாள். “தாத்தா, உங்களுக்கு இஞ்ச எத்தனை பல்லு இல்லை!” என்று வியந்து எண்ணத் தொடங்கினாள். ஒன்பதுவரை எண்ணினாள். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று அவள் கேட்கவில்லை. அவள் தலைமுறைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. மலையில் இருக்கும் அவள் வயதுப் பிள்ளைகளுக்கும் அது தெரியாமற் போகவேண்டும் என்பதே என் விருப்பம்.